தெரியாத கேள்வியை என்ன செய்வது?

எதிர்வீட்டுப் பையன் அமேசான் நடத்தும் கிளவுட் பிராக்டிஷனர் பரீட்சைக்குப் படிக்கிறான். கட்டணம் 100 டாலர். ஆர்.கே.பேட்டையில் தறி ஓட்டிப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது சின்னத் தொகை இல்லை.

போன வாரம் வந்தான். "தாத்தா, பரீட்சைல வர்ற கேள்வி, பதில் எல்லாம் ஒரு பி.டி.எஃப்.ல இருக்கு. சீனியர் அனுப்பினார். மனப்பாடம் பண்ணிடலாமா?"

வேண்டாம் என்றேன். அப்படிப் படித்தது தெரியவந்தால் சான்றிதழையே ரத்து செய்துவிடுவார்கள். ஆனால் என் காரணம் அது மட்டுமில்லை. இலாகா தேர்வு ஒன்றில் நானும் கைடை மனப்பாடம் செய்து தேறியவன்தான். வேலையில் முதல் பழுது வந்தபோது எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியாமல் நின்றேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

"தெரியாத கேள்வி வந்தா என்ன பண்றது?" என்றான். பயிற்சிக் கேள்வி ஒன்றைக் காட்டச் சொன்னேன். இசி2 என்ற வாடகைக் கம்ப்யூட்டரில் ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புதுப்பிப்பது யார் பொறுப்பு? அமேசானா, வாடிக்கையாளரா?

எனக்குக் கிளவுட் தெரியாது. "அந்த மெஷினுக்குள்ள அட்மின் பாஸ்வேர்டோட போறது யாரு?" என்று மட்டும் கேட்டேன்.

"நாமதான்."

"அப்போ?"

"நாமதான் புதுப்பிக்கணும்." பிறகு அவனே தொடர்ந்தான். "ஆர்.டி.எஸ்.னு டேட்டாபேஸ் சேவை இருக்கு தாத்தா. அதுல நம்மால ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குள்ள போக முடியாது. அப்போ அது அமேசான் வேலை!"

நம் ஊர்க் கணக்கும் இதுதான். கொட்டகையை மட்டும் வாடகைக்கு எடுத்து நம் தறியைப் போட்டால் எண்ணெய் நாம் விட வேண்டும். முதலாளி தறியில் கூலிக்கு நெய்தால் அது அவர் பாடு. "வாடிக்கையாளர்" என்று மனப்பாடம் செய்தவன், கேள்வியில் இசி2 போய் ஆர்.டி.எஸ். வந்தால் விழுந்துவிடுவான்.

தெரியாததை விட்டுவிடு என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பழகிவிட்டோம். யு.பி.எஸ்.சி. முதல்நிலைத் தேர்வில் தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போய்விடும். அங்கே அந்த பயம் நியாயம். அமேசான் பரீட்சையில் கழிப்பதே இல்லை. வெற்றாக விட்டாலும் தவறுதான். 65 கேள்விகளில் 15-க்கு மதிப்பெண் கிடையாது. எவை என்றும் சொல்லமாட்டார்கள். எனவே ஒரு கடினமான கேள்வியோடு மல்லுக்கட்டி 90 நிமிடத்தைத் தொலைக்கக் கூடாது. பொருந்தாத விடைகளை முதலில் தள்ளு, மிச்சத்தில் ஒன்றைக் குறி, கேள்விக்கு அடையாளம் வைத்துவிட்டு நகரு, நேரம் இருந்தால் திரும்பி வா.

என் பார்வையில் இது குருட்டு யோசனை அல்ல. நாளை வேலையில் பழுது வந்தால் பி.டி.எஃப். கூட வராது. அங்கேயும் "இது இருக்க முடியாது, அதுவும் இருக்க முடியாது" என்று ஒவ்வொன்றாகத் தள்ளித்தான் காரணத்தைப் பிடிக்க வேண்டும். யோசித்துக் குறித்த விடை தவறாகவும் போகலாம். அதனால் தடுமாறிய பாடத்தை வீட்டுக்கு வந்ததும் எடுத்துப் படிக்க வேண்டும். தேறிவிட்டோம் என்று மூடி வைக்கக் கூடாது.

பி.டி.எஃப்.-ஐ அழித்துவிட்டதாக நேற்று சொன்னான். பரீட்சை அடுத்த மாதம்.