பூனை செய்த பாவமென்ன?

நமது ஊராகிய நோணாங்குப்பம், புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் ரஸ்தாவில் சுண்ணாம்பாற்றங்கரையில் இருக்கின்றது. படகு விடுவதைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வந்து போகின்ற ஊர். பிரெஞ்சுக்காரன் 1954-லேயே போய்விட்டான். கம்பியில்லாமல் உலகத்தோடு பேசுகின்ற கருவி ஒவ்வொருவன் சட்டைப் பையிலும் வந்துவிட்டது. ஆனாலும் ஒரு பூனை குறுக்கே போய்விட்டால், அந்தக் கருவியை வைத்திருக்கின்ற மனிதன் வண்டியை நிறுத்திவிட்டு, வேறு யாராவது முதலில் தாண்டிப் போகட்டும் என்று காத்து நிற்கின்றான். தனக்கு வர இருக்கின்ற கேடு முன்பின் தெரியாத ஒருவனுக்குப் போகட்டும் என்பதுதானே இதன் அர்த்தம்? இதற்குப் பெயர் சகுனமா, அயோக்கியத்தனமா என்று கேட்கின்றோம்.

நிற்க, நமது வீட்டில் நான்கு பூனைகள் இருக்கின்றன. பகுத்தறிவு பேசுகின்றவன் வீட்டில் இத்தனை பூனைகள் எதற்கு என்று தோழர்கள் சிலர் கேலி செய்வதுண்டு. நாம் அவைகளை வளர்க்கவில்லை; அவைகள்தான் வந்து நம்மை வைத்துக்கொண்டிருக்கின்றன என்பதே உண்மை.

மூத்தவள் கிழவி. கறுப்பும் செம்மையும் வெள்ளையும் கலந்த மூன்று நிறக்காரி. மீன்காரி தெருமுனையில் குரல் கொடுக்கும்போதே எழுந்திருப்பாள். ஆனால் குட்டிகள் தின்று முடித்த பிறகுதான் வாய் வைப்பாள். அவள் ஒரே ஈற்றில் பெற்றவர்கள் இருவர். மகன் செவலையன், எலியைக் கண்டால் அலமாரிமேல் ஏறிக்கொள்ளும் வீரன், மீன் தலையைக் கண்டால் மட்டும் புலி. மகள் கருப்பி, நகம் முதல் மீசை வரையில் கறுப்பு. கூச்சக்காரி. ஆனால் எலி பிடிப்பதில் நால்வரில் அவள்தான் வேலைக்காரி. நான்காவது, எங்கிருந்தோ வந்த வெள்ளைக் கடுவன். நாம் படிக்க விரித்த பத்திரிகையின்மேல்தான் படுப்பான். வேறு இடம் ஆகாது. ஆகையால் அவனுக்குத் துரை என்று பெயர்.

ஒரு வயிற்றில் ஒன்று கறுப்பாகவும் மற்றொன்று செம்மையாகவும் ஏன் பிறக்க வேண்டும்? முன்வினை என்பார்கள். பூனைக்குச் செந்நிறம் கொடுக்கின்ற மரபணு, பெண்ணுக்கு இரண்டும் ஆணுக்கு ஒன்றுமாக உள்ள இனக்கூற்றிலே இருக்கின்றது. ஆகவேதான் கறுப்பும் செம்மையும் ஓருடம்பில் கலந்திருந்தால் அநேகமாக அது பெண்ணாகவே இருக்கும். அந்த மரபணு இன்னதென்பதை ஜப்பானிலும் அமெரிக்காவிலும் உள்ள ஆராய்ச்சியாளர்கள் 2025-ல் கண்டறிந்து வெளியிட்டும் விட்டார்கள். இதில் முன்வினைக்கு எங்கே இடம்?

பூனையை நம் மக்கள் கண்ணால் பார்த்ததைக் காட்டிலும் கதையால் பார்த்ததே அதிகம். கிழவி குட்டியின் கழுத்தைக் கவ்வி இடம் மாற்றுகின்றாளே, அதை வைத்துக்கொண்டு தென்கலையார் கடவுள் பக்தனைத் தாமே தூக்கிப்போவார் என்றார்கள். வடகலையார், இல்லையில்லை, குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்ளுவது போல பக்தன்தான் பற்றிக்கொள்ள வேண்டும் என்றார்கள். சண்டை வளர்ந்ததே தவிர, பூனை ஏன் இடம் மாற்றுகின்றது என்று கேட்டவர் எத்தனை பேர்? நாற்றம் பிடித்து நாயும் கடுவனும் வந்து குட்டியைக் கொல்லாதிருக்கவே மாற்றுகின்றது. ஏழு வீடு என்ற கணக்கெல்லாம் நாம் கட்டியது. கிழவி மூன்றாவது இடத்திலேயே திருப்தியடைந்துவிட்டாள்.

புதுச்சேரியிலேயே பேர் பெற்ற பூனைகள் இருந்தன. 1920-க்குப் பிறகு அரவிந்தரின் வீட்டில், அன்னை என்று அழைக்கப்பட்ட மிர்ரா அல்பாசா அம்மையார் பல பூனைகளை வளர்த்து வந்தார். அவைகளிடம் அவர் அன்பு வைத்திருந்ததை நாம் குறை கூற வரவில்லை. ஆனால் அவற்றில் ஒன்று தியான வேளையில் நாற்காலியில் வந்து அமர்ந்து சமாதி நிலை அடைந்ததாக அவர் சொல்லியிருக்கின்றார். நமது துரையும் பிற்பகலில் கண்ணை மூடி, மீசை நடுங்கி, கால் உதறிக் கிடக்கின்றான். அது தூக்கத்தில் ஒரு வகை. உடல் தளர்ந்து கிடக்க மூளை மாத்திரம் விழித்ததுபோல் வேலை செய்கின்ற அந்த நிலையை, பிரெஞ்சு தேசத்து லியோன் நகரத்தில் மிஷேல் ஜூவே என்பவர் பூனைகளைக் கொண்டே ஆராய்ந்து 1959-ல் வெளியிட்டார். மாமல்லபுரத்துச் சிற்பி இதைவிடக் கெட்டிக்காரன். பாறையில் தவம் செய்கின்ற பூனையைச் செதுக்கியவன், அதன் காலடியில் எலிகளையும் செதுக்கி வைத்தான்!

எகிப்தியர்கள் பூனையைத் தெய்வத்துக்குரியதென்று கொண்டாடி, அதையே லட்சக்கணக்கில் கொன்று பதனிட்டுக் காணிக்கையாக்கினார்கள். அவற்றில் சுமார் 1,80,000 பிணங்கள் 1890-ல் இங்கிலாந்துக்குக் கப்பலேறி வயலுக்கு எருவாயின. பெல்ஜியத்தில் ஈப்பர் என்னும் ஊரில் 1817 வரையில் பூனைகளை உயிரோடு கோபுரத்திலிருந்து எறிந்தார்கள். நம் நாட்டில் கறுப்புப் பூனை கெட்ட சகுனம். இங்கிலாந்திலும் ஜப்பானிலும் அதுவே அதிர்ஷ்டம் என்கின்ற மக்கள் ஏராளம். கப்பலேறினால் சகுனத்தின் குணம் மாறிவிடுமா?

இவ்வளவும் நாம் பல மேடைகளில் பேசியவைதான். ஆனால் சென்ற தை மாதத்தில் நடந்ததைச் சொல்லாமல் இதை முடிப்பது யோக்கியமாகாது.

எதிர் வீட்டார் பெண் பார்க்கப் புறப்பட்டார்கள். தாம்பூலத் தட்டோடு படியிறங்கும்போது கருப்பி குறுக்கே ஓடினாள். பெரியவர் திரும்பிப் போய் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மறுபடியும் வந்தார். அதே சமயம் நமது தமக்கையார் சோற்றுக் கிண்ணத்தோடு கருப்பியைத் தேடி வாசலுக்கு வந்தார். அவர் இருபத்தெட்டு வயதில் கணவனை இழந்தவர். “முதலில் பூனை, பிறகு இதுவா?” என்று பெரியவர் தெருவே கேட்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இவள் என்றுகூடச் சொல்லவில்லை, இது என்றார். தமக்கையார் பதில் பேசாமல் கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு ஒரு மாத காலம், தெருவில் ஆள் அரவம் அடங்கிய பிறகே வாசலுக்கு வந்தார். கருப்பியோ மறுநாளே தெருவைப் பத்து தடவை கடந்தாள். பூனைக்கு நாம் சொல்லும் வசவு புரியாது. ஆகவே அது தப்பித்துக்கொண்டது. மனிதப் பிறவிக்குப் புரிந்துவிடுகின்றதே!

நாம் எதிர் வீட்டுப் பெரியவரோடு சண்டைக்குப் புறப்பட்டோம். தமக்கையார் தடுத்து, “நீ மட்டும் என்ன, தம்பி? உன் மகள் முதல் பரீட்சைக்குப் போன அன்று, கொஞ்சம் உள்ளே இரு அக்கா, யாராவது ஏதாவது சொல்லுவார்கள் என்று நீயும்தானே சொன்னாய்?” என்றார். வாஸ்தவம், சொன்னோம். சகுனத்தில் நம்பிக்கை வைத்துச் சொல்லவில்லை. ஊர் வாய்க்குப் பயந்து சொன்னோம். ஆனால் அடுக்களையில் நின்றவருக்கு இரண்டும் ஒன்றுதானே? நம்புகின்றவன் ஒருவனென்றால், நம்பாமலே பயந்து நடக்கின்றவர்கள் ஒன்பது பேர். அந்த ஒன்பது பேரில்தான் மூடநம்பிக்கை உயிர் வாழ்கின்றது. அவர்களில் நாமும் ஒருவராயிருந்ததற்கு வெட்கப்படுகின்றோம்.

பங்குனியில் மகள் அடுத்த பரீட்சைக்குப் புறப்பட்டாள். தமக்கையாரை வாசற்படியில் நிற்கச் சொன்னோம். நின்றார், தோளில் கருப்பி. எதிர் வீட்டார் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றே நாமும் நின்றோம்.

பரீட்சை என்னவாயிற்று என்று தோழர்கள் கேட்பார்கள். தேறினாள். ஆனால் அதை இதற்கு அத்தாட்சியாகக் காட்ட மாட்டோம். தேறியது அக்காளின் ராசி என்றால், தவறியிருந்தால் அக்காளின் குற்றம் என்றாகிவிடும். பழைய சகுனத்தை ஒழித்துவிட்டுப் புதிய சகுனம் கட்டியவர்களாவோம். அவள் படித்தாள், தேறினாள். தமக்கையார் தம் வீட்டு வாசலில் நின்றார். கருப்பிக்குப் பசி, அவ்வளவுதான்.

தோழர்களே! நாளைக் காலையில் நீங்கள் புறப்படும்போது பூனை குறுக்கே வந்தால், அதன் போக்கில் விட்டுவிட்டு உங்கள் போக்கில் போங்கள். போகுமுன், உங்கள் வீட்டு அடுக்களையில் யாராவது நீங்கள் போகட்டுமென்று மறைந்து நிற்கின்றார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். இருந்தால், வாசலுக்குக் கூப்பிடுங்கள்.