026: இலக்கம் யாருக்குச் சொந்தம்?

திருகோணமலைத் துறைமுக நகரிலும் அதனைச் சூழவுள்ள பகுதிகளிலும் செம்புக் கம்பி வழியான தொலைபேசி இணைப்புகள் படிப்படியாக விடைபெற்று வருகின்றன. அவற்றின் இடத்தை ஃபைபர் எனப்படும் ஒளியிழை இணைப்புகள் பிடித்து வருகின்றன. கடற்காற்றில் அரித்துப்போன கம்பி, மழை பெய்தால் இரைச்சல், இடையிடையே கம்பித் திருட்டு என்று அலுத்துப்போன பாவனையாளர்கள் இம்மாற்றத்தை வரவேற்பதில் வியப்பில்லை. ஆனால், விண்ணப்பப் படிவத்தில் கையொப்பமிடும் வேளையில் அநேகர் கேட்க மறந்துவிடும் கேள்வி ஒன்றுண்டு. இதுநாள்வரை வீட்டில் ஒலித்த இலக்கம் என்னவாகும் என்பதே அது.

ஆளுக்கு இரண்டு கையடக்கத் தொலைபேசிகள் வந்துவிட்ட காலத்தில் வீட்டு இலக்கத்தைப் பற்றி இத்தனை கவலை எதற்கு என்று இளைய தலைமுறையினர் கேட்கக்கூடும். இம்மாவட்டத்தின் அண்மைக்கால வரலாற்றை அறிந்தோர் அவ்வாறு கேட்க மாட்டார்கள். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கிண்ணியாவையும் மூதூரையும் தாக்கியது. 2006 ஏப்ரலில் சம்பூர்த் தமிழ் மக்கள் இடம்பெயர்ந்தனர். அதே ஆண்டு ஆகஸ்டில் மூதூர் முஸ்லிம்கள் உடுத்த உடையுடன் கந்தளாய் நோக்கி நடந்தனர். யார் எங்கே இருக்கின்றார், யார் உயிருடன் இருக்கின்றார் என்ற செய்தி, வளைகுடா நாடுகளிலும் ஐரோப்பாவிலும் கனடாவிலும் இருந்த உறவினருக்கு அந்நாட்களில் எவ்வாறு போய்ச் சேர்ந்தது? நகரில் இருந்த மாமாவின் வீட்டிலோ கடையிலோ இருந்த, எல்லோருக்கும் மனப்பாடமான ஒரு இலக்கமே பலருக்கும் தபாற்கந்தோராக விளங்கியது. வீடு மாறினாலும் ஊர் மாறினாலும் அழைக்கக்கூடிய ஒரு புள்ளியாக அது நின்றது.

இன்றும் நிலைமை முற்றாக மாறிவிடவில்லை. மருந்துக்கடையின் பெயர்ப்பலகையிலும், பாடசாலைக் கடிதத்தலைப்பிலும், கோயில் திருவிழாத் துண்டுப்பிரசுரத்திலும் 026 என்று தொடங்கும் இலக்கமே காணப்படுகின்றது. பள்ளிவாசலின் இலக்கம் இவற்றினும் முக்கியமானது. ஜனாஸாவைத் தாமதமின்றி நல்லடக்கம் செய்ய வேண்டிய சமூகத்தில், அறிவித்தலுக்கான முதல் அழைப்பு அங்கேதான் செல்கின்றது. நிர்வாகிகள் மாறுவர், அவர்களுடைய கையடக்கத் தொலைபேசி இலக்கங்களும் மாறும். பள்ளிவாசலின் இலக்கம் மாறக்கூடாது.

தொழில்நுட்ப ரீதியில் இது கடினமான காரியமன்று. செம்புக் கம்பிக் காலத்தில் ஒரு இலக்கம் என்பது தொலைபேசிப் பரிவர்த்தனை நிலையத்தில் குறித்த ஒரு கம்பி வந்து சேரும் இடத்துடன் பிணைக்கப்பட்டிருந்தது. அந்த நிலையத்தின் எல்லையைக் கடந்து வீடு மாறினால் இலக்கம் மாறுவதும் அதனாலேயே. ஒளியிழையில் குரலும் இணையத் தரவாகவே பயணிக்கின்றது. அங்கே இலக்கம் என்பது கணினி ஒன்றில் உள்ள பதிவு மாத்திரமே. எனவேதான், அதே நிறுவனத்துக்குள் செம்பிலிருந்து ஃபைபருக்கு மாறுபவர் தமது பழைய இலக்கத்தைத் தொடர்ந்து வைத்திருக்க முடிகின்றது. சுவரில் பொருத்தப்படும் புதிய பெட்டியில் தொலைபேசிக்கென ஒரு துளை இருக்கும். பழைய தொலைபேசியை அதில் செருகினால் பழைய இலக்கமே ஒலிக்கும். சிக்கல் ஆரம்பிப்பது வேறு நிறுவனத்துக்கு மாற விரும்பும்போதுதான்.

2003ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த இலக்கமிடல் முறையின்படி நமது தொலைபேசி இலக்கங்கள் பத்துத் தானங்களைக் கொண்டவை. முதல் மூன்றும் பிரதேசத்தைக் குறிக்கும். நான்காவது தானம் நிறுவனத்தைக் குறிக்கும். 026ஐத் தொடர்ந்து 2 வந்தால் அது ஸ்ரீலங்கா டெலிகொம். டயலொக்கிற்கு 7உம் லங்கா பெல்லுக்கு 5உம் ஒதுக்கப்பட்டன. ஆக, இலக்கத்தின் நடுவிலேயே நிறுவனத்தின் முத்திரை குத்தப்பட்டிருக்கின்றது. அந்த 2ஐ எடுத்துக்கொண்டு வேறொரு நிறுவனத்தின் வாடிக்கையாளராக மாறியவர் எவரையும் நாம் கண்டதில்லை. சேவை பிடிக்காவிட்டாலும் இலக்கத்துக்காகப் பொறுத்துக்கொள்வோரைத்தான் கண்டிருக்கின்றோம்.

இலக்கப் பெயர்வு பற்றிய பேச்சு நம் நாட்டில் பல ஆண்டுகளாகவே அடிபட்டு வருகின்றது. ஆயினும், பேசப்படுவதெல்லாம் பெரும்பாலும் கையடக்கத் தொலைபேசியைப் பற்றியே. அயல்நாடான இந்தியாவிலும் 2010 நவம்பரில் ஹரியானாவில் தொடங்கி 2011 ஜனவரியில் நாடெங்கும் விரிவாக்கப்பட்ட திட்டம் கையடக்கத் தொலைபேசிகளுக்கானதே. அமெரிக்காவில் நிலையான தொலைபேசிக்கான இந்த உரிமை 1996ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. இணைய வழி அழைப்பு நிறுவனங்களும் அதற்குக் கட்டுப்பட வேண்டுமென 2007இல் அந்நாட்டு ஆணைக்குழு உத்தரவிட்டது. இங்கே ஸ்ரீலங்கா டெலிகொம் பங்குகளில் ஏறத்தாழ அரைவாசி அரசாங்கத்தின் கையில் இருக்கின்றது. நிறுவனங்களைக் கண்காணிக்க வேண்டிய தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் அரசாங்கத்தின் அங்கமே. வாடிக்கையாளர் எளிதில் விலகிச் செல்ல வழிசெய்யும் விதியை இயற்றுவதில் அவசரம் இராதது ஏன் என்பதற்கு இதற்கு மேலும் விளக்கம் தேவையில்லை.

"இலக்கமே வேண்டாம், வட்ஸ்அப் போதும்" என்போரும் உளர். டோஹாவிலும் ரியாத்திலும் பணிபுரியும் பிள்ளைகளுடன் செய்தி பரிமாறிக்கொள்வதற்கு அது போதும்தான். ஆனால் வட்ஸ்அப் கணக்கே ஒரு தொலைபேசி இலக்கத்தின் மீதுதான் நிற்கின்றது. இணைய நிறுவனங்களிடம் வாங்கும் இலக்கங்களின் ஆயுளோ அந்நிறுவனங்களின் விருப்பத்தில் தங்கியிருக்கின்றது. ஒரு காலத்தில் வெளிநாட்டு அழைப்பு என்றாலே ஸ்கைப் என்றிருந்தது. 2025 மே மாதத்தில் மைக்ரோசொப்ட் அதனை மூடிவிட்டது. அதில் காசு கொடுத்து இலக்கம் வாங்கியோர் வேறிடம் தேட வேண்டியதாயிற்று.

இன்னொரு விடயத்தை விற்பனைப் பிரதிநிதிகள் பெரும்பாலும் எடுத்துச் சொல்வதில்லை. செம்புக் கம்பி தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே சுமந்து வந்தது. நகரம் இருளில் மூழ்கினாலும் பரிவர்த்தனை நிலையத்தின் பற்றரிகள் 48 வோல்ட் மின்சாரத்தைக் கம்பி வழியே அனுப்பிக்கொண்டிருந்தன. ஒளியிழையால் அது இயலாது. வீட்டில் மின்சாரம் போனால் பெட்டி அணையும், தொலைபேசியும் ஊமையாகும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டதை நாம் மறந்திருக்க முடியாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி தாக்கியபோது பல மாவட்டங்களில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் ஒருசேரத் தடைப்பட்டன. கையடக்கத் தொலைபேசிக் கோபுரங்களுக்கும் மின்சாரம் வேண்டும் என்பதை அன்று பலரும் உணர்ந்தனர்.

பிரித்தானியா இதனைத் தாமதமாகவேனும் ஒப்புக்கொண்டது. 2025 இறுதிக்குள் பழைய வலையமைப்பை நிறுத்துவதாக இருந்த திட்டம் 2027 ஜனவரிக்குப் பிற்போடப்பட்டது. தனித்து வாழும் முதியோர் ஆபத்தில் அழுத்தும் அவசர அழைப்புக் கருவிகள் புதிய இணைப்பில் இயங்காமற் போனமை இதற்கு முக்கிய காரணமாகும். வீட்டுத் தொலைபேசியையே நம்பியிருப்போருக்கு, மின்சாரம் நின்றாலும் குறைந்தது ஒரு மணித்தியாலமாவது அவசர அழைப்பை எடுப்பதற்கான வசதியை நிறுவனம் இலவசமாக வழங்க வேண்டும் என்பது அங்குள்ள ஏற்பாடு. சூறாவளியும் வெள்ளமும் ஆண்டு தவறாமல் எட்டிப் பார்க்கும் இக்கரைக்கு ஒரு மணித்தியாலம் போதாது. பெட்டிக்கெனச் சிறிய பற்றரி அலகுகள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றை இணைப்புடன் சேர்த்தே வழங்கும்படி ஆணைக்குழு பணிக்கலாம். மின்சாரமின்றித் தொலைபேசி இயங்காது என்ற எச்சரிக்கையும் படிவத்தின் முகப்பில் தமிழில் இருக்க வேண்டும். 1987 முதல் தமிழும் அரச கரும மொழி என்பதை இதற்கென நினைவூட்ட வேண்டியிருப்பது வருத்தத்துக்குரியது.

இவை யாவும் மேலிடத்தில் தீர்மானிக்கப்பட வேண்டியவை. வீட்டில் தீர்க்க வேண்டியதும் ஒன்று இருக்கின்றது. பற்றுச்சீட்டு யாருடைய பெயரில் வருகின்றது என்று பலர் பார்ப்பதே இல்லை. 1990களில் வருடக்கணக்கில் காத்திருந்து இணைப்பைப் பெற்ற பாட்டனார் காலமாகிவிட்டிருப்பார், அல்லது பெயருக்குரியவர் லண்டனில் குடியேறியிருப்பார். மாதாமாதம் பணம் செலுத்தப்படும்வரை எவரும் எதுவும் கேட்பதில்லை. இணைப்பை மாற்றும்போதுதான் உரிமையாளரின் கையொப்பம் தேவைப்படுகின்றது. கடல் கொண்டுபோன, இடப்பெயர்வில் தொலைந்த ஆவணங்களின் கதை அப்போது மீண்டும் தொடங்குகின்றது. ஆகையால், பெயர் மாற்றத்தை முதலிலும் இணைப்பு மாற்றத்தை அதன் பின்னரும் செய்துகொள்வது உசிதம். பழைய இணைப்பைத் துண்டிக்கும்படி கடிதம் கொடுப்பவர், புதிய பெட்டியில் அதே இலக்கம் ஒலிப்பதை ஒரு தடவை காதால் கேட்ட பின்னரே கொடுக்க வேண்டும். கைவிடப்பட்ட இலக்கம் காலப்போக்கில் இன்னொருவருக்கு வழங்கப்படலாம். அதன் பிறகு டோஹாவிலிருந்து வரும் அழைப்பு முன்பின் அறியாத ஒரு வீட்டில்தான் ஒலிக்கும்.