கணவாய்க்கு எட்டாத செய்தி



"உம்மா, பத்து நாள் லீவு கிடைத்திருக்கிறது. ஆபீஸ் நண்பர்களோடு இமயமலைக்கு மலையேற்றம் போய் வரட்டுமா?" என்று கேட்கும் பிள்ளைகள் இன்று நம் இல்லங்களிலும் உண்டு. ஒரு காலத்தில் ஊட்டி, கொடைக்கானலோடு நின்றிருந்த நம் சுற்றுலா ஆசை, இப்போது உத்தராகண்ட், இமாசலப் பிரதேசம், நேபாளம் என்று விரிந்திருக்கின்றது. விரியட்டும், அதில் தவறில்லை. ஆனால் வழியனுப்பும் பெற்றோராகிய நாம் எதையெதையோ விசாரிக்கின்றோம். பணம் போதுமா, சாப்பாடு எப்படி, உடன் வருபவர்கள் யார் என்றெல்லாம் கேட்கின்றோம். "வானிலை திடீரென்று மாறினால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பவர் மிகச் சிலரே. அந்த ஒரு கேள்வியின் அருமையை உணர்த்தும் உண்மை நிகழ்ச்சி ஒன்றை இம்மாதம் காண்போம்.

நபி சுலைமான் (அலை) அவர்களுக்கு ஸபா நாட்டின் செய்தியைக் கொண்டுவந்த ஹுத்ஹுத் பறவையை நாம் அனைவரும் அறிவோம். நம் நாட்டில் கொண்டலாத்தி என்று அழைக்கப்படும் அப்பறவையின் பெயரை, வட இந்தியப் பெருங்கடற்பகுதியின் புயல்களுக்கென வகுக்கப்பட்ட பட்டியலுக்கு ஓமன் நாடு வழங்கியிருந்தது. 2014ஆம் ஆண்டு அக்டோபரில் எழுந்த கடும்புயல் ஒன்று அப்பெயரைப் பெற்றது. அக்டோபர் 12ஆம் நாள், மணிக்குச் சுமார் 180 கிலோமீட்டர் வேகக் காற்றுடன் அது விசாகப்பட்டினத்தின் அருகே கரையைக் கடந்தது. வானிலைத் துறை முன்கூட்டியே எச்சரித்திருந்தபடியால், ஆந்திர, ஒடிசாக் கடலோரங்களில் இலட்சக்கணக்கான மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். செய்தி எட்டியது, எண்ணற்ற உயிர்கள் தப்பின.

கரையைக் கடந்ததும் புயல் வலுவிழந்துவிடும் என்பதே நம்மவர் எண்ணம். காற்றின் வேகம் குறைவது உண்மைதான். ஆனால் கடலிலிருந்து அது சுமந்து வந்த ஈரம் எங்கே போகும்? ஹுத்ஹுத் புயலின் எச்சம் வடக்கு நோக்கி நகர்ந்து, ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள நேபாளத்தை அடைந்தது. அங்கே இமயத்தின் சரிவு அந்த ஈரக்காற்றை மேலே தள்ளியது. ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்திற்கும் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். ஆகவே, கடற்கரையில் பெருமழையாகக் கொட்டிய அதே ஈரம், ஐயாயிரம் மீட்டர் உயரத்தில் பெரும் பனியாகக் கொட்டியது.

இதில் கவனிக்க வேண்டியது காலம். நேபாளத்தில் அக்டோபர் என்பது மழைக்காலம் ஓய்ந்து, வானம் தெளிந்து, சிகரங்கள் பளிச்சென்று தெரியும் இலையுதிர் காலம். உலகெங்கிலுமிருந்து மலைநடைப் பயணிகள் அதிகமாக வந்து குவிவதும் அப்போதுதான். 'நல்ல பருவம்' என்று எல்லோரும் நம்பியிருந்த அந்நாட்களிலேதான் இது நேர்ந்தது.

அன்னபூர்ணா மலைத்தொடரைச் சுற்றிச் செல்லும் புகழ்பெற்ற நடைபாதையில், 5,416 மீட்டர் உயரத்தில் தொரோங் லா என்னும் கணவாய் இருக்கின்றது. கிழக்கே உள்ள விடுதிகளில் தங்கியிருப்போர், விடியுமுன் புறப்பட்டுக் கணவாயைக் கடந்து, மேற்கே சுமார் 1,600 மீட்டர் கீழே உள்ள முக்திநாத்துக்கு அன்றே இறங்கிவிடுவது வழக்கம். அக்டோபர் 14ஆம் நாள் காலையிலும் அவ்வாறே பலர் புறப்பட்டனர். பனி பெய்துகொண்டிருந்தது. 'சிறிது நேரத்தில் நின்றுவிடும்' என்று எண்ணியவர் பலர். 'இத்தனை தொலைவு வந்துவிட்டோமே, திரும்புவதா?' என்று எண்ணியவரும் இருந்திருப்பர். மேலே செல்லச் செல்லப் பனி முழங்காலளவு, இடுப்பளவு என ஏறியது. காற்று கண்ணை மறைத்தது. எது பாதை, எது பள்ளம் என்பதே தெரியவில்லை. கணவாயின் உச்சியிலிருந்த சிறு தேநீர்க் குடிலில் பலர் நெருக்கியடித்து ஒதுங்கினர். அங்கிருந்து இறங்க முற்பட்டவர்களில் பலர், முக்திநாத் செல்லும் சரிவிலேயே வழிதவறிக் குளிரிலும் பனிச்சரிவிலும் உயிரிழந்தனர். அந்தப் புயலில் நேபாள மலைகளில் மாண்டவர்கள் 40க்கும் மேற்பட்டோர். வெளிநாட்டுப் பயணிகள் மட்டுமல்லர். வழிகாட்டிகளும், சுமை தூக்கிகளும், யாக் மாடு மேய்ப்பவர்களுங்கூட அவர்களில் அடங்குவர். தலைமுறை தலைமுறையாக மலையிலேயே வாழ்ந்தவர்களையும் அப்பனி விட்டுவைக்கவில்லை.

பாதி வழியில் திரும்பி விடுதிக்கே வந்து சேர்ந்தவர்களும் உண்டு. பயணத்தைக் கைவிட்டதனால் அவர்கள் இழந்தது ஓரிரு நாட்கள் மட்டுமே.

நேயர்களே, இதில் நம் நெஞ்சைத் தைப்பது எது? புயல் வருவது உலகுக்குத் தெரிந்திருந்தது. அது கரையைக் கடந்து இரண்டு நாட்கள் ஆகியிருந்தன. கடலோரக் குப்பத்து மீனவரை எட்டிய அச்செய்தி, கணவாயின் அடியில் படுத்திருந்த பயணிகள் பலரை எட்டவில்லை. செய்தி கொண்டுவரும் பறவையின் பெயர் தாங்கிய புயலைப் பற்றிய செய்தியே மலைமேல் போய்ச் சேரவில்லை!

இது என்றோ ஒருமுறை நேர்ந்தது என்று தள்ளிவிடவும் இயலாது. 2025ஆம் ஆண்டு அக்டோபர் முதல் வாரத்தில், எவரெஸ்டின் திபெத் பக்கத்திலும் இவ்வாறே பெரும்பனி கொட்டியது. விடுமுறை வாரத்தில் மலைநடை வந்த நூற்றுக்கணக்கானோர் கூடாரங்களில் சிக்கிப் பின்னரே மீட்கப்பட்டனர்.

குளிர் ஒருவரை எப்படி வீழ்த்துகின்றது என்பதனையும் அறிந்து வைத்தல் நலம். நம் உடலின் உள்வெப்பம் சுமார் 37 டிகிரி. அது 35க்குக் கீழே இறங்கினால் ஆபத்து தொடங்குகின்றது. முதலில் கடும் நடுக்கம். பிறகு பொத்தானைக்கூடப் போட இயலாதபடி விரல்கள் மரத்துப்போகும், நடை தள்ளாடும், பேச்சு குழறும், சிந்தனை மழுங்கும். இந்நிலையில் இருப்பவர், "எனக்கு ஒன்றுமில்லை" என்றே சொல்லுவார். நடுக்கம் நின்றுவிட்டால் குணமாகிவிட்டது என்று மகிழ வேண்டாம். உடல் தன் கடைசிச் சேமிப்பையும் இழக்கின்றது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம்.

அவரை உடனே காற்றுப்படாத இடத்தில் சேர்க்க வேண்டும். நனைந்த உடைகளைக் களைந்து, உலர்ந்த கம்பளியால் தலை முதல் போர்த்த வேண்டும். மார்பும் வயிறும் முதலில் சூடேற வேண்டும். நல்ல நினைவோடு விழுங்க இயலுமானால், இனிப்பான வெதுவெதுப்பான பானம் தரலாம். கை கால்களைத் தேய்த்துவிடக் கூடாது. மது உடலுக்குச் சூடு தரும் என்பது வெறும் மயக்கம். தோலுக்கு இரத்தத்தைப் பாய்ச்சி, உள்ளிருக்கும் வெப்பத்தையும் அது வெளியேற்றிவிடும். இன்னொன்று: நம் ஊருக்கு ஏற்ற பருத்தி ஆடை அங்கே பகையாகும். நனைந்துவிட்டால் அது எளிதில் உலராது. உடலின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கம்பளி, செயற்கை இழை ஆடைகள், மழையும் காற்றும் புகாத மேலங்கி, தொப்பி, கையுறை இவையே துணை. 'அக்டோபர்தானே' என்று எண்ணி இவற்றை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாகாது.

இனி, வீட்டிலிருக்கும் நாம் செய்யக்கூடியது என்ன?

பிள்ளை எந்தப் பாதையில், எந்த நாளில், எந்த இடத்தில் இருப்பான் என்பதனை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வங்கக் கடலிலோ அரபிக் கடலிலோ புயல் உருவாகியிருக்கின்றதா என்பதனை நாள்தோறும் கவனியுங்கள். 'கடலில் புயல், மலைக்கு என்ன?' என்று இருந்துவிடாதீர்கள். செல்பேசி எட்டும் கடைசி ஊரை அவன் தாண்டுமுன் செய்தியைச் சேர்த்துவிடுங்கள். உயரமான கணவாயைக் கடக்கும் பயணத்தில், தங்கிக் காத்திருப்பதற்கென்று ஓரிரு நாட்கள் கூடுதலாக ஒதுக்கச் சொல்லுங்கள். திரும்பும் ரயில் டிக்கெட்டுக்காகப் பனியில் இறங்கும் நிலை யாருக்கும் வரக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, வாசற்படியில் வைத்து ஒன்றைச் சொல்லி அனுப்புங்கள்: "வாப்பா, வானம் சரியில்லையென்றால் திரும்பி வந்துவிடு. பணம் போனால் போகட்டும். பாதியில் வந்தாய் என்று இந்த வீட்டில் யாரும் உன்னைக் கேலி செய்யமாட்டோம்."

கணவாய் அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். நம் பிள்ளையும் இருக்க வேண்டுமன்றோ?

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.