வேகத்தைக் கேட்கிறோம், ஆயுளைக் கேட்கிறோமா?

எஸ்.பி.எம். தேர்வு முடிந்த மறுவாரம் என் தம்பி வீட்டில் ஒரு கோரிக்கை வைத்தான். புதுத் திறன்பேசி வேண்டும். விலை 2,400 ரிங்கிட். அவனுடைய பழைய கைப்பேசிக்கு வயது நான்கு. மதியத்துக்குள் பேட்டரி தீர்ந்துவிடுகிறது, எதைத் திறந்தாலும் தாமதமாகிறது என்று பல நாளாகப் புலம்பிக்கொண்டிருந்தான். ஆனால், அன்று அவன் சொன்ன முதல் காரணம் வேறு. "அக்கா, இதோட சில்லு மூனு நானோமீட்டர். என்னோடது எட்டு. இனிமே அது எதுக்கும் ஆகாது."

அம்மா பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். கார்களில் பொருத்தும் சில்லுகளைச் சோதிக்கும் பிரிவு. புக்கிட் மெர்தாஜாமிலிருந்து தொழிற்சாலைப் பேருந்தில் பாலத்தைக் கடந்து போய், இரவு வேலை முடித்துக் காலையில் திரும்புவார். 2,400 ரிங்கிட்டுக்கு அவர் எத்தனை இரவு கூடுதலாக உழைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். நான் பல்கலைக்கழகத்தில் மின்னியல் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். "நீதானே இதப் படிக்கிற. வாங்கணுமா வேணாமான்னு நீயே சொல்லு" என்று அம்மா பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டார்.

அன்று தம்பிக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். இதே கேள்வி பல வீடுகளில் எழுவதை நான் அறிவேன். (நம் ஊரில் செயலி என்றாலே ஆப் நினைவுக்கு வரும். அதனால் புரோசசரைச் சில்லு என்றே குறிப்பிடுகிறேன்.)

என் கருத்து இதுதான்: கைப்பேசிச் சில்லு வளர்ந்த கதை சிக்கனத்தின் கதை. அதை வேகத்தின் கதையாக மட்டும் விளம்பரங்கள் நமக்குச் சொல்கின்றன. அதை நம்பி நாம் நல்ல கருவிகளைத் தூக்கி எறிகிறோம்.

கதை 1985இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் தொடங்குகிறது. ஏக்கோர்ன் என்ற கணினி நிறுவனத்தில் சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் ஆகிய இருவரும் ஒரு சில்லை வடிவமைத்தார்கள். பெரிய நிறுவனங்களுக்கு இருந்த பண வசதியும் ஆள் பலமும் அவர்களுக்கு இல்லை. பீங்கான் உறை விலை அதிகம் என்பதால் மலிவான பிளாஸ்டிக் உறையில் சில்லை அடைக்க முடிவு செய்தார்கள். சூடு அதிகமானால் பிளாஸ்டிக் தாங்காது. எனவே, சில்லு மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடியாக வேண்டும் என்ற கட்டாயம் ஏற்பட்டது.

முதல் சில்லு அந்த ஆண்டு ஏப்ரல் 26ஆம் தேதி அவர்கள் கைக்கு வந்தது. அது எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று பார்க்க மின்னோட்டமானியை இணைத்தார்கள். சில்லு வேலை செய்கிறது, ஆனால் மானி பூஜ்யத்தைக் காட்டுகிறது! ஆராய்ந்து பார்த்தபோதுதான் சில்லுக்கு மின் இணைப்பே கொடுக்கப்படவில்லை என்று தெரிந்தது. மற்றப் பாகங்களிலிருந்து சமிக்ஞைக் கம்பிகள் வழியாகக் கசிந்து வந்த மின்சாரத்திலேயே அது ஓடிக்கொண்டிருந்ததாம். அதுதான் ஆர்ம் வகைச் சில்லுகளின் மூதாதை. அதில் இருந்த டிரான்சிஸ்டர்கள் சுமார் 25,000 மட்டுமே.

கையில் எடுத்துச் செல்லும் கருவிக்கு இப்படிப்பட்ட சில்லுதானே வேண்டும்? 1990இல் ஆர்ம் தனி நிறுவனமானது. அது சில்லுகளைத் தானே உற்பத்தி செய்யாமல், வடிவமைப்பை மற்றவர்களுக்கு உரிமத்துடன் விற்றது. 1990களின் இறுதியில் வந்த நோக்கியா 6110 கைப்பேசியில் ஆர்ம் இருந்தது. 2007இல் வந்த முதல் ஐபோனிலும் இருந்தது. அதன் வேகம் 412 மெகாஹெர்ட்ஸ். 2010இல் வந்த முதல் ஐபேட், ஐபோன் 4 இரண்டுக்கும் ஆப்பிளின் ஏ4 என்ற ஒரே சில்லுதான் உயிர் கொடுத்தது.

கணினி உலகில் அசைக்க முடியாமல் இருந்த இன்டெல், இந்த இடத்தில்தான் சறுக்கியது. முதல் ஐபோனுக்குச் சில்லு செய்து தரும் வாய்ப்பு வந்தும், விலை கட்டுப்படியாகாது என்று கணக்குப் போட்டு விட்டுவிட்டோம் என்று அதன் தலைவர் பால் ஒட்டெலினி 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். 2016இல் இன்டெல் திறன்பேசிச் சில்லு முயற்சியையே கைவிட்டது. வேகமான சில்லு செய்யத் தெரிந்த நிறுவனம், சிக்கனமான சில்லின் சந்தையைத் தவறவிட்டது.

தம்பி சொன்ன 'மூனு நானோமீட்டர்' விஷயத்துக்கு வருகிறேன். முன்பு அந்த எண் சில்லின் உள்ளே இருக்கும் ஒரு பாகத்தின் அளவை நேரடியாகக் குறித்தது. இன்று அது உற்பத்தித் தலைமுறைக்கு இட்ட பெயர், அவ்வளவுதான். ஆனால், டிரான்சிஸ்டர்கள் சிறிதாகி வருவது உண்மை. 2023இல் வந்த ஆப்பிள் ஏ17 புரோ சில்லில் 1,900 கோடி டிரான்சிஸ்டர்கள் உள்ளன. 1985ஆம் ஆண்டுச் சில்லோடு ஒப்பிட்டால் ஏழரை லட்சம் மடங்கு! டிரான்சிஸ்டர் ஒரு சின்னஞ்சிறு சுவிட்ச் மாதிரி. அது சிறிதாகச் சிறிதாக, திறந்து மூடக் குறைந்த மின்சாரம் போதும். ஆக, அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பதும் சிக்கனம்தான்.

இன்னொரு யுக்தியை ஆர்ம் 2011இல் அறிவித்தது. ஒரே சில்லில் பெரிய மூளை சில, சிறிய மூளை சில. விளையாட்டு, காணொளித் தொகுப்பு போன்ற கனமான வேலை வந்தால் பெரியவை விழிக்கும். செய்தி படிப்பது, பாட்டுக் கேட்பது போன்றவற்றைச் சிறியவை கவனித்துக்கொள்ளும். வீட்டில் ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவர லாரியை எடுப்போமா? அதே நியாயம்தான்.

இனி நம்மைப் பார்ப்போம். வகுப்புப் புலனக் குழு, விரிவுரைக் குறிப்பு, யூடியூப், டிக்டாக், இணைய வங்கி. நம்மில் பெரும்பாலோர் நாள் முழுக்கச் செய்வது இவ்வளவுதான். இதில் பெரும்பகுதியைச் சிறிய மூளைகளே முடித்துவிடும். விளம்பரத்தில் வரும் உச்ச வேகம் சில நொடிகளுக்கு உரியது. திறன்பேசிக்குள் பொதுவாகக் காற்றாடி இல்லை. சூடு ஏறினால் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நம் ஊர் வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் விளையாடிப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அப்படியானால் பழைய கைப்பேசி ஏன் தள்ளாடுகிறது? பல நேரங்களில் குற்றவாளி பேட்டரி. சார்ஜ் செய்யச் செய்ய அது தேய்ந்துபோகும் பொருள். தேய்ந்த பேட்டரியால் சில்லு கேட்கும் மின்சாரத்தைச் சட்டெனக் கொடுக்க முடியாது. 2017இல் ஆப்பிள் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டது. பேட்டரி பழசான ஐபோன்கள் திடீரென அணைந்துவிடாமல் இருக்க, மென்பொருள் வழியாக அவற்றின் வேகத்தைக் குறைத்திருந்தது. வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 அமெரிக்க டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. சில்லு கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதுக் கைப்பேசி வாங்கியவர்கள் அதற்குள் எத்தனை பேரோ?

புதுச் சில்லே தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. காணொளி தொகுத்துச் சம்பாதிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். மின்விளையாட்டுப் போட்டிகளில் இறங்குபவர்கள் இருக்கிறார்கள். இணையத்தை நாடாமல் கருவிக்குள்ளேயே செயற்கை நுண்ணறிவை இயக்க வேண்டுமென்றால் புதிய சில்லுகள்தான் சரி. 2020இல் ஆப்பிள் எம்1 வந்தபோது, கைப்பேசிக்காக வளர்ந்த அதே சிக்கனம் காற்றாடி இல்லாத மடிக்கணினியைச் சாத்தியமாக்கியது. இந்த வளர்ச்சியைப் பார்த்துத்தான் நான் இந்தத் துறையையே தேர்ந்தெடுத்தேன். நான் கேட்பது ஒன்றுதான்: உங்கள் வேலைக்கு அது தேவையா, அல்லது நண்பன் வைத்திருக்கிறான் என்பதற்காகவா?

கடைக்குப் போனால் நாம் கேட்க வேண்டிய கேள்விகளும் மாற வேண்டும். இதற்கு எத்தனை ஆண்டு பாதுகாப்பு மேம்பாடு வரும்? பேட்டரியை மாற்ற முடியுமா, எவ்வளவு ஆகும்? கூகுள் பிக்சல் 8, சாம்சுங் கேலக்சி எஸ்24 வரிசைகளுக்கு 7 ஆண்டு மேம்பாடு உண்டு என்று அந்நிறுவனங்கள் உறுதி கூறியுள்ளன. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சந்தைக்கு வரும் திறன்பேசி, டேப்லெட் பேட்டரிகள், 800 முறை சார்ஜ் செய்த பிறகும் 80 விழுக்காட்டுக் கொள்ளளவைத் தக்கவைக்க வேண்டும். ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 5 ஆண்டுகளுக்கு மென்பொருள் மேம்பாடு கிடைக்க வேண்டும். சட்டம் கேட்டது, நிறுவனங்கள் தருகின்றன. வாங்குபவர்களாகிய நாமும் கேட்டால்தானே கிடைக்கும்?

தம்பியின் கைப்பேசிக்கு வருவோம். அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தோம். இன்னும் ஓர் ஆண்டுக்குமேல் பாதுகாப்பு மேம்பாடு வரும். சேமிப்பு இடம் நிரம்பி வழிந்தது. பாதிக்குமேல் புலனத்தில் வந்து குவிந்த காணொளிகள். அவற்றை அழித்தோம். கடையில் பேட்டரியை மாற்றினோம். 160 ரிங்கிட் ஆனது. இப்போது இரவு வரை தாங்குகிறது. அவனுக்கு முழுத் திருப்தி என்று பொய் சொல்ல மாட்டேன். நண்பர்கள் நடுவில் அதை எடுக்க இன்னும் கொஞ்சம் கூச்சப்படுகிறான். ஆனால், மீதப் பணம் அவனுடைய மேற்படிப்புப் பதிவுக்கு என்று அம்மா சொன்னபோது எதிர்த்துப் பேசவில்லை.

அவனுக்கு நான் கடைசியாகச் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை 1972இல் பினாங்கில் திறந்தது. அதிலிருந்து அரை நூற்றாண்டாக நம் அம்மாக்களும் அத்தைகளும் பிறர் வடிவமைத்த சில்லுகளைப் பொருத்தியும் சோதித்தும் வருகிறார்கள். உலகச் சில்லுகளின் சோதனை, உறையிடும் பணியில் மலேசியாவின் பங்கு ஏறக்குறைய 13 விழுக்காடு. 2025 மார்ச்சில் நம் அரசாங்கம் ஆர்ம் நிறுவனத்துடன் ஓர் ஒப்பந்தம் செய்தது. 10 ஆண்டுகளில் 250 மில்லியன் அமெரிக்க டாலர் கொடுத்து அதன் வடிவமைப்பு அறிவைப் பெறுவதும், 10,000 பொறியாளர்களுக்குப் பயிற்சி அளிப்பதும் திட்டம். அந்தப் பத்தாயிரம் இடங்களில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள்?

"சில்லு மேல இவ்ளோ ஆசைன்னா வாங்காதடா, படி" என்றேன். சிரித்தான். மறுநாள் என் முதலாண்டுப் பாடப் புத்தகம் மேசையில் இல்லை. அவன் அறையில் இருந்தது.