அது வீணாப் போற தண்ணி இல்லீங்க!

ஒவ்வொரு மழைக்காலத்திலும் தவறாம இந்த வரியைப் படிச்சிடுவோம்: "இத்தனை டிஎம்சி தண்ணீர் வீணாகக் கடலில் கலந்தது." எங்க வகுப்பிலும் இதே பேச்சுதான். கடலுக்குப் போனா வீண், ஏரியில நின்னு ஆவியானா வீண், குழாய்ல வந்தா மட்டும்தான் தண்ணியாம்! இந்த "வீண்" என்ற வார்த்தையோடதான் எனக்குச் சண்டை.

முதல்ல கொஞ்சம் பள்ளிக்கூடப் பாடம். ஒரு கிலோ தண்ணியை ஒரு டிகிரி சூடாக்க, ஒரு கிலோ மணலுக்குத் தேவைப்படுற மாதிரி ஏறக்குறைய ஐந்து மடங்கு வெப்பம் வேணும். வெயில் மணலோட மேல்தோலைத்தான் சுடும். தண்ணியில அலையும் காற்றும் அந்தச் சூட்டை ஆழத்துக்கு இழுத்துட்டுப் போயிடும். அதனால பெரிய நீர்நிலை மெதுவா சூடாகும், மெதுவா ஆறும். மே மாசம் சென்னையில கடற்காற்று சீக்கிரம் வந்தா பிழைச்சோம். மேற்குக் காற்று அதைத் தடுத்துட்டா 40 டிகிரி தாண்டிடும். வேலூர்க்காரங்களுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

இப்ப ஏரல் கடலுக்கு வருவோம். பேருக்குத்தான் கடல், உண்மையில ஏரி. கஜகஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் நடுவுல இருக்கு. 1960ல அதன் பரப்பு சுமார் 68,000 சதுர கிலோமீட்டர். இலங்கையை விடப் பெரிசு! ஆமு தாரியா, சிர் தாரியா என்ற இரண்டு ஆறுகள்தான் அதுக்கு உயிர். பாலைவனத்து நடுவுல ஆவியாகி வீணாகுதேன்னு நினைச்ச சோவியத் திட்டக்காரர்கள், அந்த ஆத்துத் தண்ணியைப் பருத்திக்குத் திருப்பிவிட்டாங்க. ஏரி சுருங்கும்னு தெரிஞ்சே செஞ்சாங்க.

2007 வாக்கில் மிஞ்சினது பத்துல ஒரு பங்கு. 2014ல தெற்குப் பகுதியின் கிழக்குப் பாதி முழுசா காய்ஞ்சே போச்சு. மீன் போச்சு, படகுகள் மணல்ல நின்னுச்சு. அந்தப் படங்களை எல்லாரும் பார்த்திருப்பீங்க. படத்துல தெரியாதது காற்று. அதுவரை குளிர்காலத்துல சைபீரியக் குளிரைத் தணிச்சதும், கோடையில வெக்கையைக் குறைச்சதும் அந்த "வீணான" தண்ணிதான். அது போனதும் சுற்று வட்டாரத்துல கோடை இன்னும் சூடாச்சு, குளிர்காலம் இன்னும் கடுமையாச்சு, உறைபனி இல்லாத நாட்கள் குறைஞ்சது. எந்தப் பருத்திக்காக ஏரியைக் கொன்னாங்களோ, அந்தப் பருத்தி விளையுற பருவமே சுருங்கிடுச்சு! போதாக்குறைக்கு, காய்ஞ்ச தரையிலிருந்து உப்பும் பூச்சிமருந்தும் கலந்த புழுதிப்புயல் வேற.

"வங்காள விரிகுடா வத்தப் போகுதா?"ன்னு கேட்பீங்க. நிச்சயமா இல்லை. ஆனா ஆறு கடலுக்குச் சும்மா போகலை. டெல்டாவுக்கு வண்டல் கொண்டு போகுது, உப்புநீர் உள்ளே ஏறாம தள்ளி நிறுத்துது. தண்ணியைத் தேக்கவே கூடாதுன்னு நான் சொல்லலை. விவசாயிக்குத் தண்ணி வேணும். கணக்குப் போடும்போது முழுக் கணக்காப் போடுங்கன்னுதான் சொல்றேன்.

கஜகஸ்தான் 2005ல கோகரல் அணையைக் கட்டி முடிச்சுது. வடக்குப் பகுதியில நீர்மட்டம் ஏறி மீனும் திரும்ப வந்துச்சு. ஆனா மீண்டது சின்ன வடக்குத் துண்டு மட்டும்தான். தெற்குப் பக்கம் பெரும்பகுதி இன்னைக்கும் உப்புப் பாலைவனம்.

அடுத்த மழைக்கு "வீண்"னு சொல்ல வாயெடுத்தா, யாருக்கு வீண்னு ஒரு தடவை கேட்டுட்டுச் சொல்லுங்க மக்களே.