கணக்கு டேலி ஆகவில்லை!

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எங்கே இரண்டு எண்களைப் பார்த்தாலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்துப் பார்ப்பான். ஹோட்டல் பில், கல்யாண மொய் நோட்டு, எதுவும் தப்பாது. அந்த வியாதி என்னை ஸ்லோவேனியா நாட்டில் ஒரு மூடிய பாதரசச் சுரங்கத்தின் உள்ளேயும் விடவில்லை.

என் சித்தப்பா பையன் இத்தாலியில், ட்ரியெஸ்டெ நகரத்தில் இருக்கிறான். அங்கே அப்துஸ் சலாம் 1964-ல் ஆரம்பித்த பௌதிக ஆராய்ச்சி மையத்தில் எனக்குப் புரியாத ஏதோ ஒன்றைச் செய்கிறான். நான் போய் இறங்கிய ராத்திரியே, கொண்டுபோன புளியைக் கரைத்து மீன் குழம்பு வைத்தான். உள்ளூர் வளைகுடா மீன். நாலு துண்டு சாப்பிட்டேன். இந்த மீனை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் வரும்.

மறுநாள் காலை, ''அண்ணே, இத்ரியா போலாமா? பக்கத்து நாடுதான். கார்ல போய்ட்டு சாயங்காலம் திரும்பிடலாம்'' என்றான்.

''அங்க என்னடா இருக்கு?''

''ரசம்.''

மிளகு, தக்காளி, பருப்பு என்று மூன்று ரசம் மட்டுமே அறிந்த நான், சரி என்று கிளம்பிவிட்டேன்.

இத்ரியா என்பது மலைப் பள்ளத்தாக்கில் ஒரு குட்டி ஊர். ஊருக்கு அடியில் 700 கிலோமீட்டருக்கு மேல் சுரங்கப் பாதை! ஸ்பெயினின் அல்மடேனுக்கு அடுத்தபடியாக உலகத்திலேயே பெரிய பாதரசச் சுரங்கம் இதுதான். மனிதன் இதுவரை தோண்டிய பாதரசத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு இந்த ஒரே ஊரிலிருந்து போயிருக்கிறது. 1490-ல் மரத்தொட்டி செய்கிற ஒருவன், தொட்டி ஒழுகுகிறதா என்று பார்க்க ஊற்றில் ஊறப்போட்டானாம். எடுக்கும்போது அடியில் ஏதோ பளபளத்ததாம். அங்கே தொடங்கிய தோண்டல் 500 வருஷம் கழித்து, 1990-களில்தான் நின்றது.

1500-ல் வெட்டிய அந்தோணியார் சுரங்கத்தில் மட்டும் இப்போது சுற்றிப் பார்க்க விடுகிறார்கள். கோட்டும் ஹெல்மெட்டும் மாட்டிவிட்டு, ''ஸ்ரெச்னோ'' என்றார் வழிகாட்டி. 'நல்லபடியாகப் போய்வா' என்று சுரங்கத் தொழிலாளிகள் சொல்லிக்கொள்ளும் வார்த்தை. உள்ளே ஒரு குட்டிச்சாத்தான் வேறு உண்டாம். சாப்பாட்டில் பங்கு வைக்காவிட்டால் கருவிகளை ஒளித்து வைத்துவிடுமாம். எனக்கு ஒரு பழைய ஆடிட்டர் ஞாபகம் வந்தது.

கொஞ்ச தூரம் போனதும் வழிகாட்டி சுவரில் டார்ச் அடித்தார். கறுப்புப் பாறையில் வியர்த்த மாதிரி வெள்ளி வெள்ளியாகப் பொட்டுகள். பாதரசம்! அப்படியே, சுத்தமாக. உலகத்தில் அநேக இடங்களில் அது இப்படித் தனியாகக் கிடைப்பதில்லை.

கதை இதுதான். சுமார் 24 கோடி வருஷத்துக்கு முன்னால், ட்ரையாசிக் காலத்தில், இந்த இடத்தில் பூமியின் தோல் இழுபட்டு விரிசல் விட்டது. விரிசல் வழியே ஆழத்திலிருந்து சுடுநீர் ஏறி வந்தது. அதில் கரைந்து வந்த பாதரசம் வழியில் கந்தகத்தைப் பார்த்தது. உடனே கல்யாணம். பிறந்தது சின்னபார் என்ற சிவப்புக் கல். நம் சித்த வைத்தியர்கள் சாதிலிங்கம் என்பது இதைத்தான். எடையில் நூற்றுக்கு 86 பங்கு பாதரசம். கந்தகம் கிடைக்காத பாதரசம் கட்டைப் பிரம்மச்சாரியாகச் சொட்டுச் சொட்டாகவே நின்றுவிட்டது. அதுதான் நான் சுவரில் பார்த்தது.

அந்தக் கறுப்புப் பாறைக்கு வயது 30 கோடி. சட்டப்படி அது கீழே இருக்கவேண்டும். ஆனால், ஆல்ப்ஸ் மலை எழும்பியபோது நடந்த தள்ளுமுள்ளில் அடுக்குகள் புரண்டு, அது இளைய பாறைகளின் மேலே ஏறிவிட்டது. ஜூனியர் தலைமேல் சீனியர் உட்கார்வது ஆபீஸில் சகஜம். பாறைகளில் அபூர்வம்.

பிற்பகல் கோட்டை மியூசியம் போனோம். கண்ணாடிப் பெட்டிக்குள் வகை வகையாகத் தாதுக் கற்கள். பெயர் வைத்தவர்கள் விஞ்ஞானிகள் இல்லை, தொழிலாளிகள். எஃகு மாதிரி பளபளத்தால் எஃகுத் தாது. செங்கல் நிறமென்றால் செங்கல் தாது. ஈரல் மாதிரி கருஞ்சிவப்பாக இருந்தால் ஈரல் தாது. பவளத் தாது என்றும் ஒன்று இருக்கிறது. அதில் இருப்பது பவளமே இல்லை, ஆதிகாலத்துச் சிப்பிகள். அதே பாதரசமும் கந்தகமும் வேறு மாதிரி அடுக்கிக்கொண்டால் கறுப்பாகிவிடுகிறது, அதற்கு மெட்டாசின்னபார் என்று பெயர். ஒரே மாவில் இட்லியும் தோசையும்! இன்னொன்று இத்ரியலைட். ஊர் பெயரையே வைத்துக்கொண்ட கனிமம். கல் ஜாதியில் பிறந்தும் தீப்பிடித்து எரியும்.

எல்லாம் அழகாகத்தான் இருந்தது, ஸ்கோபோலி என்ற பெயரைப் பார்க்கும்வரை. 1754-ல் இந்தச் சுரங்கத்துக்கு வந்த முதல் டாக்டர். 1490-ஐ அதிலிருந்து கழித்தேன். 264 வருஷம் டாக்டரே இல்லை! வந்தவர் பார்த்ததையெல்லாம் 1761-ல் புத்தகமாக எழுதினார். கை நடுங்குகிறது, எச்சில் நிற்காமல் ஊறுகிறது, பல் ஆடி விழுகிறது. பாதரச ஆவியைச் சுவாசித்தவர்களின் கதி அது. (செடிகொடி ஆராய்ச்சியிலும் மனுஷர் பெரிய ஆள். மலைப்பாதை பஸ்ஸில் வாந்தி வராமலிருக்கத் தரும் ஸ்கோபோலமைன் மருந்தில் இருப்பது அவர் பெயர்தான்.) ஐந்நூறு வருஷ லாப நஷ்டக் கணக்கில் பல் ஒரு செலவாக எழுதப்பட்டிருக்குமா? சந்தேகம்தான்.

அடுத்த அறையில் லேஸ். இத்ரியா பெண்கள் நூலில் பின்னுகிற லேஸ் ரொம்பப் பிரசித்தம். 1876-லிருந்து அதற்கென்று ஒரு பள்ளிக்கூடமே இருக்கிறது. இழை பிசகாமல் பின்னியவர்கள் பெரும்பாலும் சுரங்கத் தொழிலாளிகளின் மனைவிகள். வீட்டில் ஒரு ஜோடிக் கை நடுங்கியது. இன்னொரு ஜோடிக் கை நடுங்கக் கூடாது. சாப்பிட வேண்டுமே. அந்த லேஸ் முன்னால் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன்.

வெளியே வரும்போதுதான் என் வியாதி தலையெடுத்தது. பூமியிலிருந்து எடுத்த தாதுவில் இருந்த பாதரசம் ஏறத்தாழ 1,45,000 டன். கையில் கிடைத்து விற்பனைக்குப் போனது சுமார் 1,07,000 டன்.

''தம்பி, 38,000 டன் இடிக்குதுடா! எவன் அடிச்சான்?''

''யாரும் அடிக்கலண்ணே. தாதுவை வறுத்தா பாதரசம் ஆவியாகும். அதைக் குளிரவெச்சுப் பிடிக்கணும். பிடிச்சதுபோக மீதி புகைபோக்கி வழியா போயிடுச்சு. வறுத்த கல்லுல தங்கினது கல்லோட போச்சு. அந்தக் கழிவை 1970-கள் வரைக்கும் ஆத்தங்கரையில கொட்டினாங்க. வெள்ளம் வந்து அள்ளிட்டுப் போகும். கொட்டறதுக்கு எவ்வளவு சௌகரியம் பாருங்க!''

கணக்கு எழுதும்போது எங்கே சேர்ப்பது என்று தெரியாத தொகையை சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் போட்டு வைப்போம். வருஷக் கடைசியில் அதைத் தீர்த்தாக வேண்டும். இங்கே 500 வருஷமாகத் தீர்க்கவில்லை.

''அந்த ஆறு எங்கடா போகுது?''

''இத்ரியிட்சா ஆறு போய் சோச்சா ஆத்துல விழும். சோச்சா நேரா கடலுக்கு.''

''எந்தக் கடல்?''

தம்பி ஸ்டியரிங்கைப் பார்த்தபடி சொன்னான். ''நம்ம ட்ரியெஸ்டெ வளைகுடாதாண்ணே.''

எனக்கு நாலு துண்டும் வயிற்றில் எழுந்து நின்றன.

''பயப்படாதீங்க. சின்னபார் கல்லா இருக்கிறவரைக்கும் அவ்வளவு தொந்தரவில்ல. வண்டல்ல இருக்கற பாக்டீரியா அதுல ஒரு பகுதியை மீதைல் பாதரசமா மாத்துது. அதுதான் விஷம். சின்ன மீன்ல கொஞ்சமா இருக்கும். அதைத் தின்ன பெரிய மீன்ல ஜாஸ்தி. நேத்து நாம சாப்பிட்டது மத்தி. சின்ன மீனு.''

பாதரசத்துக்குக் கடிவாளம் போட உலக நாடுகள் 2013-ல் மினமாட்டா ஒப்பந்தம் போட்டன. 2017-ல் அது அமலுக்கு வந்தது. இனி புதுப் பாதரசச் சுரங்கம் தோண்டக் கூடாது என்பது அதில் ஒரு ஷரத்து. நல்ல விஷயம். இத்ரியாவையும் அல்மடேனையும் 2012-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்துவிட்டது. சுரங்கத்தின் கீழ்த் தளங்களில் இப்போது தண்ணீர். பேரேட்டை மூடிக் கையெழுத்தும் போட்டாயிற்று.

ஆனால், மழை பெய்து ஆற்றில் வெள்ளம் வரும்போதெல்லாம், கரையில் கிடக்கும் பழைய பாக்கி கொஞ்சம் கடலுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. கம்பெனி கணக்கு எழுதுவதை நிறுத்திவிட்டது. ஆறு நிறுத்தவில்லை.

வீடு திரும்பியதும், ''ராத்திரிக்கு என்னண்ணே பண்ணலாம்?'' என்றான் தம்பி.

''ரசம்'' என்றேன். ''மிளகு ரசம்!''