பாதி எட்டினோம் என்பது அரைக் கணக்கு

"இந்தியாவின் மின் நிறுவுதிறனில் பாதி நிலக்கரி, எரிவாயு சாராதது. 2030 இலக்கை 2025லேயே எட்டிவிட்டோம். இனி நீண்டகாலக் கவலை எதற்கு?" என்கிறார்கள். எட்டியது உண்மை. அதிலிருந்து எடுக்கும் முடிவு தவறு.

1. நிறுவுதிறன் வேறு, உற்பத்தி வேறு. 100 மெகாவாட் சூரிய மின்நிலையம் ஆண்டுச் சராசரியாகத் தருவது ஏறத்தாழ 20 மெகாவாட். நாட்டின் மின் உற்பத்தியில் ஏறத்தாழ 70 சதவீதம் இன்றும் நிலக்கரிதான்.

2. ஹைதராபாத்தின் அல்வாலில் கோடை இரவு 9 மணிக்கு வீடுதோறும் ஏசி ஓடுகிறது. அந்நேரம் எந்தச் சோலார் பேனல் மின்சாரம் தரும்? பேட்டரியும் நீரேற்று மின்நிலையமும் போதுமான அளவு வராமல் நிலக்கரி எப்படி விலகும்?

3. தெலங்கானாவின் அனல் மின்நிலையங்களில் யாதாத்ரி 4,000 மெகாவாட், பத்ராத்ரி 1,080 மெகாவாட். பத்ராத்ரியில் இருப்பதோ யூனிட்டுக்குக் கூடுதல் நிலக்கரி கேட்கும் பழைய சப்கிரிட்டிக்கல் தொழில்நுட்பம். அனல் நிலையம் கட்டினால் பல பத்தாண்டுகள் எரியும். 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் இந்தியா அறிவித்த 2070 நிகர சுழிய உமிழ்வு இலக்கை எட்ட இவற்றை மூடுவது எந்த ஆண்டு?

கொள்கை அளக்க வேண்டியது நிறுவிய மெகாவாட்டை அல்ல, எரிக்கும் நிலக்கரியை. அது ஆண்டுதோறும் எவ்வளவு குறையும் என்ற அட்டவணையை அரசு வெளியிட வேண்டும். அதுவரை பாதி எட்டியது சாதனை அல்ல, தொடக்கம் மட்டுமே.